வெங்கடலட்சுமி அம்மாள் போண்டாவைப் பாராட்டவில்லை

குற்றச்சாட்டை முதலில் வைக்கிறேன். 1996 செப்டம்பர் 28, சனிக்கிழமை, பெரியநாயக்கன்பாளையத்தில் நடைபெற்ற குருடிமலை பம்ப்ஸ் லிமிடெட் நிறுவனத்தின் ஆண்டுப் பொதுக்கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் உண்மைக்கு மாறான இரண்டு வாக்கியங்கள் எழுதப்பட்டு, தலைவரின் கையொப்பமும் பெற்றுள்ளன. முதல் வாக்கியம்: "உறுப்பினர் திருமதி வெங்கடலட்சுமி சிற்றுண்டி ஏற்பாடுகளைப் பாராட்டிப் பேசினார்." இரண்டாவது வாக்கியம்: "உறுப்பினர் திரு. அப்துல் நாசர் அதை வழிமொழிந்தார்." மூலம் ஆங்கிலம், தமிழாக்கம் என்னுடையது. சட்டப்படி கட்டணம் செலுத்திப் பெற்ற நகல் என்னிடம் உள்ளது. கட்டணத்துக்கான ரசீதும் உள்ளது.

அப்துல் நாசர் நான்தான். கோட்டைமேட்டில் தராசும் எடைக்கல்லும் பழுது பார்க்கும் கடையும், குருடிமலை பம்ப்ஸில் சில பங்குகளும் வைத்திருப்பவன். வயிற்றுப்புண் காரணமாகப் பல ஆண்டுகளாக எண்ணெய்ப் பலகாரம் தொடாதவன். அதற்கான மருத்துவச் சீட்டும் கைவசம் இருக்கிறது. அன்று நான் வழிமொழிந்தது போண்டாவை அல்ல, ஒரு கேள்வியை. அந்தக் கேள்வியைக் கேட்டவர் யார், அதைக் கேட்க அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதை நம் முதலீட்டாளர் சங்க மலரின் வாசகர்கள் அறிய வேண்டும். 'ஒரு நல்ல முதலீட்டாளரைப் பற்றி எழுதுங்கள்' என்று ஆசிரியர் கேட்டபோது எனக்கு வேறு எவரும் நினைவுக்கு வரவில்லை.

பீளமேட்டில் பொறியியல் கல்லூரிக்குப் பின்புறச் சந்தில் வெங்கடலட்சுமி அம்மாள் மெஸ் நடத்துகிறார். பலகை கிடையாது, மாணவர்கள் 'லட்சுமிம்மா மெஸ்' என்பார்கள். வீட்டில் தெலுங்கு, வெளியே நம் ஊர்ப் பேச்சு. கணவர் வரதராஜுலு, குருடிமலை பம்ப்ஸ் வார்ப்படச் சாலையில் இரும்பு வார்ப்பதற்கு மண் அச்சு பிடிக்கும் மோல்டராக இருந்தவர். 1986இல் நிறுவனம் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டபோது தொழிலாளர் ஒதுக்கீட்டில் ஐந்நூறு பங்குகள் வாங்கினார். மறு ஆண்டே நெஞ்சுவலியில் காலமானார். பங்குகள் அம்மாளின் பெயருக்கு மாறின. மகள் ஹாரிகா அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

நான் அவரை முதன்முதலாகப் பார்த்தது 1989 ஆண்டுக் கூட்டத்தில். என் பக்கத்து நாற்காலி. நிறுவனர் ஆறுச்சாமி தலைமை. பங்கு ஒன்றுக்கு லாபம் ஐந்து ரூபாய், அதில் இரண்டு ரூபாய் டிவிடெண்ட், மீதி மூன்று ரூபாய் ரிசர்வுக்கு என்று அறிக்கையை வாசித்து முடித்தார்கள். எவருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டது சம்பிரதாயத்துக்குத்தான். அம்மாள் எழுந்துவிட்டார்.

"ஏனுங்க, ஒரு சந்தேகமுங்க. லாபம் அஞ்சு ரூபாய்ங்கறீங்க. கைக்கு ரெண்டுதான் வருது. மீதி மூணு ரூபாய் ரிசர்வ்ல இருக்குதுன்னு சொன்னீங்க. அதைக் கொஞ்சம் காட்டுனீங்கன்னா பாத்துட்டுப் போயிருவேனுங்க. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பசங்க வந்துருவாங்க."

கூடம் சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "அம்மணி, பையி கொண்டாந்திருக்கறீங்களா?" என்றார். இன்னொருவர், "பீரோச் சாவியைக் குடுத்துருங்கப்பா!" என்றார்.

அம்மாள் திரும்பி அவர்களைப் பார்த்தார். "எதுக்குங்க சிரிக்கறீங்க? எங்க ஏலச்சீட்டுல சேந்த பணத்தைத் துண்டுல விரிச்சு எல்லாருக்கும் காமிச்சாத்தான் ஏலமே ஆரம்பிப்பாங்க. பதினஞ்சு பொம்பளைங்க சேந்த சீட்டுலயே காட்டறாங்க. இத்தாப்பெரிய கம்பெனில காட்டக் கூடாதுங்களா?"

அவர் செய்த தவறு எல்லோருக்கும் புரிந்தது. நிறுத்தி வைத்த லாபம் ரொக்கமாக எங்கோ ஒரு பெட்டியில் உறங்குகிறது என்று அவர் நம்பியிருந்தார். ஆனால் சிரித்தவர்களிடம், அது ரொக்கமாக இல்லையென்றால் வேறு எதுவாக இருக்கிறது என்று கேட்டிருந்தால் எத்தனை பேர் பதில் சொல்லியிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

ஆறுச்சாமி சிரிக்கவில்லை. "அம்மணி கேக்கறது நியாயந்தானுங்க. கூட்டம் முடியட்டும், காட்டறேன்" என்றார். சொன்னபடியே செய்தார். கூட்டம் முடிந்ததும் அம்மாளை வார்ப்படச் சாலைக்கு அழைத்துச் சென்றார். வேடிக்கை பார்க்க நாங்கள் ஏழெட்டுப் பேர் பின்னால் போனோம். பழைய கரி உலைக்குப் பக்கத்தில் புதிய மின்சார உலை ஒன்று நின்றது.

"இதுதானுங்க அந்த மூணு ரூபாய். உங்களுது மட்டுமில்ல, எல்லாத்து மூணு ரூபாயும் சேந்து இப்படி நிக்குது. முந்தி பத்துப் பம்ப்பு வார்த்தா ரெண்டு ஓட்டையாப் போகும். இனி போகாது."

அம்மாள் உலையைச் சுற்றி வந்தார். "நல்ல அடுப்புதானுங்க. கரண்ட் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

ஆறுச்சாமி தலையைச் சொறிந்தார். "அடுத்த வருசத்து ரிசர்வ்ல ஜெனரேட்டர் வாங்கோணும்."

"அப்ப அடுத்த வருசம் அதைப் பாக்க வாரேனுங்க" என்றார் அம்மாள்.

திரும்பும் வழியில் மேட்டுப்பாளையம் சாலை பேருந்தில் அவர் என்னிடம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "பாய், இது எனக்குத் தெரிஞ்ச விஷயந்தானுங்க. பேருதான் தெரியல. மொதல்ல என்ற மெஸ்ஸுல பன்னண்டு பசங்க. ஆட்டுக்கல்லுல ஆட்டி எத்தனை பேருக்கு இட்லி ஊத்த முடியும்? ஒரு வருசம் மிச்சத்துல சேலைகூட எடுக்காம கிரைண்டர் வாங்கிப்போட்டேன். அப்புறந்தான் நாப்பது பேரு. அந்த மிச்சந்தானுங்க ரிசர்வு?"

"ஆமாங்கம்மா" என்றேன்.

"அப்புறம் ஒரு வருச மிச்சத்தைப் பல்லடத்துல என்ற தம்பி கோழிப்பண்ணைக்குக் குடுத்தேன். வட்டி தாரேன்னான். கோழிக்குச் சீக்கு வந்துச்சு. கோழியும் போச்சு, வட்டியும் போச்சு, தம்பி பேசறதும் போச்சு. அதுவும் ரிசர்வுதானுங்களா?"

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். பழைய காகிதக் கடையில் கிலோக் கணக்கில் விற்ற ஆண்டறிக்கைகளை வாங்கி, அகராதியை வைத்துக்கொண்டு கணக்கு வாசிக்கக் கற்றவன். ரிசர்வ் எவ்வளவு பெரிதோ நிறுவனம் அவ்வளவு பலமானது என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். கிரைண்டரும் கோழிப்பண்ணையும் ஒரே தலைப்பின்கீழ் ஒரே எண்ணாக நிற்கும் என்பது அந்தப் பேருந்தில்தான் எனக்கு உறைத்தது.

அடுத்த ஆண்டு ஜெனரேட்டர் இருந்தது. அதற்கடுத்த ஆண்டு லேத் பட்டறை நீண்டிருந்தது. ஆண்டுக் கூட்டம் முடிந்ததும் உறுப்பினர்களைப் பட்டறைக்கு அழைத்துப் போவது குருடிமலை பம்ப்ஸில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. "ரிசர்வ் பாக்கறவங்க எல்லாம் வாங்க" என்று ஆறுச்சாமியே கூப்பிடுவார். முன்னர் பை கொண்டு வந்தீர்களா என்று கேலி செய்தவரும் செருப்பைத் தேய்த்துக்கொண்டு எங்களுடன் வருவார்.

பட்டறையைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், மாணவர்கள் சாப்பிட்டுப் போனதும், மெஸ்ஸின் நீள மேசையில் அறிக்கைகளை விரித்து உட்காருவோம். கணக்குப் போடுவது நான். அம்மாளுக்கு ஆங்கிலம் வராது, நீண்ட கணக்கும் பிடிக்காது. அவருடைய கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "போன தடவை நிறுத்தி வெச்சது இந்தத் தடவை என்ன சம்பாதிச்சுது?" 1989 முதல் ஆறுச்சாமி தலைமையேற்ற அந்த நான்கு கூட்டங்களில் நிறுவனம் பங்கு ஒன்றுக்கு மொத்தம் பதினாறு ரூபாய் நிறுத்தி வைத்தது. அதன் பயனாக ஆண்டு லாபம் ஐந்து ரூபாயிலிருந்து எட்டு ரூபாயானது. பதினாறு ரூபாய் ஆண்டுக்கு மூன்று ரூபாய் கூடுதலாக ஈட்டியது. அந்தப் பதினாறு ரூபாய் நம் கைக்கு வந்திருந்தால் வங்கியில் போட்டுக்கூட அவ்வளவு வந்திருக்காது. அம்மாள் திருப்தியடைந்தார். மெஸ்ஸில் மிஞ்சியதைப் போட்டு, சிறிது சிறிதாக, ஐந்நூறு பங்குகளை ஆயிரத்து ஐந்நூறாக்கினார்.

1992 கூட்டம் ஆறுச்சாமி நடத்திய கடைசிக் கூட்டம். பக்கவாதம் அவரைப் படுக்கையில் போட்டது. மகன் நிர்வாக இயக்குநரானார், கூட்டத் தலைவரும் அவரே. அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. இதற்கு அனுப்பும் பதிலின் கீழே அவரே எழுதட்டும். முதல் ஆண்டு, பட்டறையில் பராமரிப்பு நடப்பதால் பார்வையிட இயலாது என்றார். அடுத்த ஆண்டு, பாதுகாப்புக் காரணம். அதற்கடுத்த ஆண்டு காரணமே சொல்லவில்லை. கூட்டம் பட்டறைப் பக்கமிருந்து அலுவலக மாடிக்கு மாறியது. சிற்றுண்டி மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது.

1996இல் அம்மாளுக்கு வேறொரு நெருக்கடி வந்தது. மெஸ் இருந்த வீட்டின் உரிமையாளர் வீட்டை விற்கத் தீர்மானித்தார். முன்கட்டையும் சமையலறையையும் அம்மாளே வாங்கிக்கொள்ளலாம், ஆனால் தீபாவளிக்குள் முன்பணம் வர வேண்டும். இல்லையெனில் முழு வீடும் விடுதி கட்டுபவருக்குப் போகும். வங்கி கைவிரித்துவிட்டது. முன்பணத்துக்கு அவரிடம் இருந்த ஒரே வழி அந்த ஆயிரத்து ஐந்நூறு பங்குகள். விலை அப்போது தொண்ணூறு ரூபாய்.

விற்க வேண்டாம் என்று சொல்லாதவர் இல்லை. புரோக்கர் சொன்னார், நானும் சொன்னேன். ரிசர்வ் ஆண்டுதோறும் பெருகிக்கொண்டிருந்தது. இரண்டு ஆண்டுகளில் விலை இரட்டிப்பாகும் என்று பேச்சு. ஹாரிகா அப்போது கல்லூரியில் சேர்ந்திருந்தாள். "அம்மா, வித்துப்போட்டு அப்புறம் ஏறிடுச்சுன்னா?" என்று கேட்டாள். விற்காமல் விட்டால் அடுப்படி போகும். விற்றால், கணவர் நெருப்பருகில் நின்று சம்பாதித்துக் கொடுத்த பங்கு போகும். அம்மாள் எவருக்கும் பிடிகொடுக்காமல், "ரிசர்வைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். காட்டினால் வைத்துக்கொள்வது, காட்டாவிட்டால் விற்பது. அவ்வளவுதான் தீர்மானம்.

அந்த ஆண்டுக் கூட்டத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போட்ட கணக்கை இங்கே பதிவு செய்கிறேன். புதிய நிர்வாகம் நான்கு ஆண்டுகளில் பங்கு ஒன்றுக்குப் பதினெட்டு ரூபாய் நிறுத்தி வைத்திருந்தது. ஆண்டு லாபம் எட்டு ரூபாயிலிருந்து எட்டு ரூபாய் பத்துப் பைசா ஆகியிருந்தது. அறிக்கையின் கடைசிப் பக்கங்களில், கடன்களும் முன்பணங்களும் என்ற இடத்தில், ஒரு தொகை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு வீங்கியிருந்தது. அடிக்குறிப்பில் சிறிய எழுத்தில், அதன் வட்டி கைக்கு வரும்போது கணக்கில் சேர்க்கப்படும் என்றிருந்தது, அதாவது வட்டி இன்னும் வரவில்லை.

செப்டம்பர் 28 அன்று நடந்ததை, அன்று மாலையே நான் எழுதி வைத்தபடி தருகிறேன். கேள்விக்கான நேரத்தில் அம்மாள் எழுந்தார்.

"ஏனுங்க, நான் பீளமேடு வெங்கடலட்சுமிங்க. மோல்டர் வரதராஜுலு சம்சாரம்."

"சொல்லுங்க மேடம். கொஞ்சம் சுருக்கமா" என்றார் நிர்வாக இயக்குநர்.

"சுருக்கந்தானுங்க. உங்கப்பா பதினாறு ரூபாய் நிறுத்தி வெச்சாங்க. அது வருசத்துக்கு மூணு ரூபாய் கூடச் சம்பாதிச்சுது. நீங்க பதினெட்டு ரூபாய் நிறுத்தி வெச்சிருக்கறீங்க. அது பத்துப் பைசா சம்பாதிச்சிருக்குது. அந்தப் பதினெட்டு ரூபாய் எந்த ஷெட்டுல நிக்குதுன்னு காட்டுனா, பாத்துட்டுப் போயிருவேனுங்க."

"மேடம், ரிசர்வ்ங்கறது நோட்டுக்கட்டு இல்ல. அதையெல்லாம் காட்ட முடியாது."

"அது எனக்கு எண்பத்தொம்பதுலயே தெரிஞ்சு போச்சுங்க. நான் நோட்டைக் கேக்கலீங்க. உலையைக் கேக்கறேன்."

நிர்வாக இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பணம் பத்திரமா இருக்குதுங்க. நம்ம குரூப் பைனான்ஸ் கம்பெனில வட்டிக்குப் போட்டிருக்கறோம்."

"வட்டி வருதுங்களா?"

"வரும். கடைசில மொத்தமா வரும்."

"என்ற தம்பியும் அப்படித்தானுங்க சொன்னான். கோழிப்பண்ணைல."

இம்முறை கூடம் சிரித்தது அவரைப் பார்த்து அல்ல. நான் எழுந்து, "தலைவர் அவர்களே, அம்மையாரின் கேள்வியை வழிமொழிகிறேன். கேள்வியும் பதிலும் குறிப்பில் ஏற வேண்டும்" என்றேன். நான் மேடையில் பேசும் தமிழ் அப்படித்தான் வரும்.

"எல்லாம் ஏறும் நாசர் பாய். டிபன் ஆறுது, எல்லாரும் சாப்பிட்டுப் போங்க" என்றார் நிர்வாக இயக்குநர். கூட்டம் முடிந்தது.

சிற்றுண்டி மேசையில் அம்மாள் தட்டு வாங்கவில்லை. ஒரே ஒரு போண்டாவை எடுத்து விரலால் பிட்டார், உள்ளே பார்த்தார், மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "நேத்தைய எண்ணெய், பாய். மேல மட்டும் செவக்க விட்டுப்போட்டு எடுத்திருக்காங்க. உள்ள மாவு வேகல. இதை என்ற பசங்களுக்குப் போட்டேன்னா தட்டைத் தலைல கவுத்துருவாங்க." அந்த போண்டாவைப் பற்றி அன்று அவர் சொன்னது இவ்வளவே. பக்கத்தில் நின்ற, குறிப்பெழுதும் கம்பெனிச் செயலாளரின் காதிலும் அது விழுந்தது.

சாலைக்கு வந்ததும் நான் கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "இருந்தாலும் ரிசர்வ் இருக்குதுங்களேம்மா."

"இருக்குதுங்க பாய். எங்க இருக்குதுன்னு சொல்லிப்போட்டாங்களே, அது போதுமுங்க."

மறுவாரமே விற்றார். பங்கு மாற்றுப் படிவங்களில் கையெழுத்திடும்போது வரதராஜுலு பெயரில் முதலில் வந்த பழைய சான்றிதழை மட்டும் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதற்கான படிவத்தில் கையெழுத்திடாமல், அதை எடுத்து மடித்து வைத்துக்கொண்டார். அது அந்த முதல் ஐந்நூறில் ஐம்பது பங்குக்கான சான்றிதழ். புரோக்கர் ஏன் என்று கேட்டதற்கு, "கூட்டத்துக்கு வரோணுமில்லீங்க. கேள்வி கேக்கறதுக்கு ஒரு நாற்காலி வேணும்" என்றார். அன்று மாலை ஹாரிகா மறுபடியும், விலை ஏறினால் என்ன செய்வாய் என்றாள். "ஏறட்டும் கண்ணு. வெச்சிருக்கறவங்க நல்லா இருக்கட்டும். நமக்கு அடுப்படி நின்னுருச்சு."

விலை ஏறத்தான் செய்தது. அடுத்த பொங்கலுக்கு நூற்றுப் பத்து. அம்மாளை எல்லோரும் பரிதாபமாகப் பார்த்தார்கள். அவரோ புதுச் சமையலறைக்குச் சிமெண்ட் மேடை போடுவதில் மும்முரமாக இருந்தார். 1997 இறுதியில் அந்த நிதி நிறுவனம் வைப்புத்தொகைகளைத் திருப்பித் தருவதை நிறுத்தியது. 1998 ஆண்டறிக்கையில் குருடிமலை பம்ப்ஸ் அந்தக் கடனில் பெரும்பகுதியை வராக்கடனாகத் தள்ளியது. நேற்றைய விலை பதினான்கு ரூபாய். என் பங்குகள் அப்படியே என்னிடம் இருக்கின்றன.

வெங்கடலட்சுமி அம்மாளுக்குத் தான் சரியாகக் கணித்தோம் என்ற பெருமிதம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆறுச்சாமி காலமானபோது மெஸ்ஸைப் பூட்டிவிட்டுப் போய்வந்தார். "அந்த உலை இன்னும் நிக்குதுங்களா பாய்?" என்று மட்டும் விசாரித்தார். நிற்கிறது. நான் விசாரித்து உறுதி செய்துவிட்டேன்.

என்னிடம் இருப்பவை: நடவடிக்கைக் குறிப்பின் நகல், அன்று மாலை நான் எழுதிய பதிவு, நிறுவனத்துக்கு அனுப்பிய மூன்று பதிவுத் தபால்களின் ஒப்புகை அட்டைகள். பதில் மட்டும் இல்லை. பொருந்தாததைக் குறிப்பிலிருந்து விலக்கத் தலைவருக்குச் சட்டம் இடம் தருகிறது. நடக்காததைச் சேர்க்க இடம் தரவில்லை. அந்தக் கேள்வி குறிப்பில் இருந்திருந்தால், அதைப் படித்துவிட்டு இன்னும் நூறு பேர் அதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள். அதனால்தான் அதன் இடத்தில் போண்டா வைக்கப்பட்டது என்பது என் கருத்து. கருத்து தவறென்றால் தவறு என்று எழுதுங்கள்.

ஆகவே குருடிமலை பம்ப்ஸ் லிமிடெட் நிர்வாக இயக்குநர் அவர்களுக்கு: அந்த இரண்டு வாக்கியங்களையும் திருத்தி, திருமதி வெங்கடலட்சுமி கேட்ட கேள்வியை அவர் கேட்டபடியே குறிப்பில் சேர்க்க வேண்டும். பங்கு ஒன்றுக்கு நிறுத்தி வைத்த பதினெட்டு ரூபாயில் எவ்வளவு மீண்டது, எவ்வளவு மீளாது, மீண்டது இன்று எந்த ஷெட்டில் எதுவாக நிற்கிறது என்பதைத் தெரிவிக்க வேண்டும். கேட்பவர்கள் இருவரும் இன்றும் உங்கள் உறுப்பினர் பதிவேட்டில் இருக்கிறார்கள். பதில் எழுத்தில், உங்கள் கையொப்பத்துடன், பீளமேட்டுக்கு ஒன்றும் கோட்டைமேட்டுக்கு ஒன்றுமாகப் பதிவுத் தபாலில் வர வேண்டும். வாய்மொழி விளக்கமும் சிற்றுண்டி அழைப்பும் பதிலாக ஏற்கப்பட மாட்டா.